வேம்புவின் மணிக்கட்டு

தாமிரபரணிக் கரையில், வாழைத்தோப்புகள் முடிகிற இடத்தில், கைக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் டாக்டர் சலோமி. ஊரார் அவரை டாக்டரம்மா என்பார்கள். கை வலிக்கிறது என்று போனால் கையைத் தொடாமல் கதை கேட்டுக்கொண்டிருப்பார் என்று அவரைப் பற்றி அந்த வட்டாரத்தில் ஒரு குறையும் உண்டு.

அவரிடம் பாடம் கேட்க ஆவுடையப்பன் வந்து சேர்ந்தார். அவரும் டாக்டர்தான். பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பும் தொடையுமாக எலும்பு பொருத்தியே தலை நரைத்தவர். சலோமியைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

“இந்த வயசுல எதுக்கு சார்?” என்று சலோமி கேட்டார்.

“எலும்பு ஒடஞ்சிருந்தா படத்துல தெரிஞ்சிரும். கை வலின்னு வந்தவங்களுக்குப் படத்துல ஒண்ணும் இருக்காது. ஒண்ணுமில்ல, போங்கன்னு அனுப்பிருவேன். ஒண்ணுமில்லாததுக்கு இத்தனை பேரு வருவாங்களான்னு ஒரு நாள் தோணிச்சு. அதுக்கப்புறம் அங்க இருக்க முடியல.”

சலோமி ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

ஆவுடையப்பன் புத்தகங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தார். எந்த விரலை மடக்கி எந்தப் பக்கம் சாய்த்தால் தசையை எலும்போடு கட்டுகிற எந்த நாணில் வலிக்கும், எங்கே அமுக்கினால் கட்டி தட்டுப்படும், எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வெளிநாட்டு டாக்டரின் பேர் இருந்தது. அந்தப் பேர்களைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நிமிரும்.

வந்த புதிதில் பரோட்டாக் கடை மாஸ்டர் ஒருவர் வந்தார். வலது கையில் வலி. ஆவுடையப்பன் மணிக்கட்டை நாலு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். எந்தச் சாய்வுக்கும் மாஸ்டர் முகம் சுளிக்கவில்லை.

“ஒண்ணும் அகப்படல டாக்டரம்மா.”

சலோமி மாஸ்டரின் முன்கை மேல், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, உள்ளங்கையைப் பரத்தி வைத்தார். அமுக்கவில்லை.

“மாவு வீசுங்க மாஸ்டர்.”

“மாவு இல்லியே.”

“இருக்கிற மாதிரி வீசுங்க.”

மாஸ்டர் வெட்கப்பட்டுக்கொண்டே வெறுங்காற்றை வீசினார். சலோமி தன் கையை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆவுடையப்பனின் கையை வைத்தார்.

மாஸ்டர் மறுபடி வீசினார். ஆவுடையப்பன் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். பிறகு மெதுவாகத் திரும்ப வைத்தார். தோலுக்கு அடியில் ஏதோ முனகியது. புதுச் செருப்பு போட்டு நடந்தால் முனகுமே, அது மாதிரி. காதுக்கு எட்டவில்லை. உள்ளங்கைக்கு எட்டியது. ஒரு நாண் இன்னொன்றின் மேல் ஏறி உரசிக்கொண்டு போகிறது.

“இது இங்கதான் இருந்துச்சா, இத்தனை வருசமும்?”

“இருந்துச்சு சார்.”

அன்று சாயங்காலம் வரைக்கும் ஆவுடையப்பன் தன் உள்ளங்கையை அவ்வப்போது விரித்துப் பார்த்துக்கொண்டார்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. மெல்ல மெல்ல ஆவுடையப்பனைத் தனியாகப் பார்க்கவும் சலோமி விட்டார்.

ஒரு காலையில் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியார் பேர் சொர்ணம். ஆற்றுப்பாலத்துப் பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவள். மருமகள் வேம்பு. அவள் இடுப்பில் பல் முளைக்கிற வயதில் ஒரு ஆண்பிள்ளை. சலோமி உள்ளறையில் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் இவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

வேம்பு வாயைத் திறக்கும் முன்பே சொர்ணம் ஆரம்பித்துவிட்டாள்.

“டாக்டரே, இவளுக்குக் கை வலிக்காம். துணி பிழிய முடியலியாம், மாவுச்சட்டி தூக்க முடியலியாம். பாத்தா வீக்கமும் இல்ல, காயமும் இல்ல. இவ நெசமாத்தான் சொல்லுதாளா, இல்ல நடிக்காளான்னு ஒரு வார்த்த நீங்க சொல்லிருங்க.”

“ஏம்மா, மருமக பொய் சொல்லுவாளா?”

“அதத்தான் எம் மவனும் கேட்டான். அவன் திருப்பூர்ல இருக்கான். போன்ல நான் ஒண்ணு சொல்லுதேன், இவ ஒண்ணு சொல்லுதா. அவன் என்ன செய்வான் பாவம். டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ, நெசம்னா வைத்தியம் பாரு, நடிப்புன்னு சொல்லிட்டார்னா அவ ஆத்தா வீட்டுல கொண்டு விட்டிருன்னுட்டான்.”

வேம்பு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது.

பிள்ளையைச் சொர்ணம் வாங்கிக்கொண்டாள். எங்கே வலிக்கிறது என்று ஆவுடையப்பன் கேட்டதும் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் ஓர் இடத்தை வேம்பு தொட்டுக் காட்டினாள். அந்த இடத்தில் எலும்பின் மேல் ஒரு சின்னச் சுரங்கம் உண்டு. கட்டைவிரலை விரிக்கிற இரண்டு நாண்கள் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். சுரங்கத்தின் சுவர் தடித்துவிட்டால் நாண் சிக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு அதிகம் வருகிற வலி. ஆவுடையப்பனுக்கு நன்றாகத் தெரிந்த பாடம்.

“கட்டைவிரல உள்ள வச்சு முஷ்டி பிடிம்மா.”

பிடித்தாள். அவர் அந்த முஷ்டியைப் பற்றிச் சுண்டுவிரல் பக்கமாக ஒரே சாய்ப்பாகச் சாய்த்தார். முழுக்கச் சாயும் முன்னே வேம்பு கத்திவிட்டாள். பிள்ளை பயந்து அழுதது. சொர்ணம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“சரி, வெளிய இருங்க. டாக்டரம்மாட்ட பேசிட்டுச் சொல்லுதேன்.”

கை கழுவப் போனவர் ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தார். வராந்தாவில் சொர்ணம் பிள்ளையை இறக்கிவிட்டிருந்தாள். அது தவழ்ந்து தூண்வரை போய், திரும்பி வரத் தெரியாமல் சிணுங்கிற்று. வேம்பு எழுந்து போனாள். குனிந்து, பிள்ளையின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்தாள். கட்டைவிரல்கள் இரண்டும் மேலே நிமிர்ந்திருக்க, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய, வாரித் தூக்கினாள். அவர் சாய்த்த அதே சாய்ப்பு. போதாதென்று பிள்ளையின் கனம் வேறு. வேம்பு சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பன் குழாயை மூட மறந்து நின்றார். பிறகு நேரே உள்ளறைக்குப் போனார்.

“டாக்டரம்மா, வெளிய இருக்கிற பொண்ணு நடிக்கா.”

சலோமி நிமிர்ந்து பார்த்தார்.

“நான் சாய்ச்சப்போ ஊரே கேக்கும்படி கத்தினா. இப்ப அதே கையால, அதே மாதிரி சாய்ச்சு, பிள்ளைய தூக்குதா. மூஞ்சில ஒரு சுளிப்புக் கிடையாது. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்.”

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“நல்லது. முஷ்டி பிடிங்க சார். கட்டைவிரல் உள்ள.”

ஆவுடையப்பன் புரியாமல் முஷ்டி பிடித்தார். சலோமி அதைப் பற்றி ஒரே சாய்ப்பாகச் சாய்த்தார். கட்டைவிரலிலிருந்து முழங்கைக்கு ஒரு கம்பியைக் காய்ச்சி இழுத்த மாதிரி இருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை உருவினார்.

“உங்களுக்கு இந்த நோவு இருக்கா சார்?”

“இல்ல.”

“பின்ன ஏன் வலிச்சுது?”

ஆவுடையப்பன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே யோசித்தார். “வேகமா, கடைசிவரைக்கும் சாய்ச்சா எந்தக் கைக்கும் வலிக்கும் போல. அப்போ அவ கத்தினதுக்கு அர்த்தமே இல்லன்னு ஆகுது. நான் சொன்னதுதானே சரி?”

“அவ சத்தத்துக்கு அர்த்தம் இல்லன்னா, சத்தம் போடாததுக்கு மட்டும் எப்படி சார் அர்த்தம் வந்துது?”

சலோமி எழுந்து வெளியே வந்தார்.

மறுபடி வேம்புவை உள்ளே கூப்பிட்டு, மேஜை ஓரத்தில் உட்கார வைத்தார் சலோமி. பிள்ளைக்குப் பேர் என்ன, கடையில் எத்தனை மணிக்கு அடுப்பு பற்ற வைப்பீர்கள், பிள்ளை எந்தப் பக்கம் படுத்துப் பால் குடிக்கும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வேம்புவின் தோள் இறங்கியது. அப்புறம்தான் கையைக் கேட்டார். அதுவும் வலிக்காத கையை.

அந்தக் கையை முதலில் தடவிப் பார்த்தார். வலி இல்லாத மணிக்கட்டு எப்படி இருக்கும் என்பதை அதனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. பிறகு வலிக்கிற கையை எடுத்தார். ஒற்றை விரலால், உட்கார்ந்த ஈகூடப் பறக்காத மென்மையில், எலும்பின் விளிம்பைத் தேடிப் போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. ஆவுடையப்பனின் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் அரிசி மணி போல ஒரு தடிப்பு.

“நான் அவசரத்துல இத தொடவே இல்ல” என்றார் அவர்.

சலோமி வேம்புவின் முன்கையை மேஜைமேல் கிடத்தி, மணிக்கட்டை மட்டும் விளிம்புக்கு வெளியே விட்டார். கட்டைவிரல் மேலே பார்த்திருந்தது.

“நான் ஒண்ணும் செய்யமாட்டேன் தாயி. கை அதும்பாட்டுக்குத் தொங்கட்டும். வலிச்சா உடனே தூக்கிரு.”

கை தன் கனத்தால் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சரிந்தது. பாதி வழியிலேயே வேம்புவின் கண் நிறைந்துவிட்டது. சத்தம் வரவில்லை. கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மற்ற கையையும் சலோமி அதே மாதிரி தொங்கவிட்டார்; அது முழுக்கத் தொங்கியும் வலிக்கவில்லை.

சொர்ணம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள்.

“இதெல்லாம் சரிதான் டாக்டரம்மா” என்றாள். “நானும் பாக்கத்தான செய்யுதேன். ஆனா வீட்டுல சட்டி தூக்குனா கை வலிக்கு, பிள்ளய தூக்குனா மட்டும் வலிக்காதாக்கும்? அது என்ன வலி?”

ஆவுடையப்பனின் மனதில் இருந்ததும் அதே கேள்விதான். அதை அந்த அம்மாள் வாயால் கேட்டபோது அவருக்கு என்னவோ போல் இருந்தது.

சலோமி வேம்புவைப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை பிள்ளைய தூக்குறியா? வலிக்கும். உனக்கு வேண்டாம்னா வேண்டாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்.”

“அவன தூக்குததுக்கு எனக்கு என்ன” என்றாள் வேம்பு.

பிள்ளையைத் தரையில் விரிப்பில் உட்கார வைத்தார்கள். அது அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டிற்று. சலோமி ஆவுடையப்பனிடம், “அவ பக்கத்துல இருங்க சார். விரல அதே இடத்துல வைங்க. அமுக்கக் கூடாது. எடுக்கவும் கூடாது. அவ கை எங்க போகுதோ உங்க கையும் கூடப் போகட்டும்” என்றார்.

தலை நரைத்த அந்த மனிதர் வேம்புவின் பக்கத்தில் தரையில் மண்டியிட்டார். அவள் மணிக்கட்டின் மேல் விரல்நுனியை வைத்தார்.

அவள் குனிந்தாள். கக்கத்தில் கை கொடுத்தாள். தூக்கினாள்.

விரலுக்கு அடியில் அந்த அரிசி மணி இறுகியது. நாண் ஓடப் பார்த்தது, ஓட முடியாமல் சிக்கிக்கொண்டது, வழி கிடைக்காமல் திணறி, பிறகு ஒரு வெட்டு வெட்டித் துள்ளிக்கொண்டு போயிற்று. அதையொட்டி முன்கை முழுவதும் ஒரு நடுக்கம் ஓடியது. பக்கத்தில் இருந்த நாடி குதித்தது. கூண்டுக்குள் கையை விட்டதும் ஒரு சிட்டுக்குருவி அடித்துக்கொள்ளும் அல்லவா, அப்படிக் குதித்தது. அவர் விரலை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று சொன்னதால் அல்ல. எடுக்க அவருக்குத் தெம்பு வரவில்லை.

அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

“அச்சோ, எங்க ராசா எங்க போனாரு? தூணப் பிடிக்கப் போனாரா?” என்று வேம்பு கேட்டுக்கொண்டிருந்தாள். குரல் உடையவில்லை. சிரிப்பு குறையவில்லை. ராசா என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் ஒரு மூச்சு நின்று வந்தது. விரலில் அந்தத் துள்ளல் இல்லையென்றால் அந்த ஒரு மூச்சு அவர் காதில் விழுந்திருக்கவே செய்யாது.

பிள்ளை ஈறு தெரியச் சிரித்து அவள் மூக்கைப் பிடித்தது.

ஆவுடையப்பன் எத்தனையோ உடம்புகளைத் திறந்து பார்த்தவர். ஓர் உடம்புக்குள் இப்படி ஒன்று நடப்பதை அவர் எந்த மேஜையிலும் பார்த்ததில்லை. ஒரே ஆள், ஒரே நேரம். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் நிலா. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழ தூரம்கூட இல்லை. உலகத்தில் பிள்ளை பெற்ற எத்தனை வீடுகளில் இந்நேரம் இது நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தார். நினைப்பு முடியவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

“சொல்லுங்க டாக்டரே” என்றாள் சொர்ணம். “நடிப்பா?”

ஆவுடையப்பன் சலோமியைப் பார்த்தார். சலோமி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்தது.

“நடிப்புதாம்மா” என்றார்.

வேம்பு விருட்டென்று திரும்பினாள்.

“எங்கிட்ட கத்தினது நெசம். அந்த மேசைல கண்ணு கலங்கினது நெசம். இப்ப சிரிச்சா பாத்தீங்களா, அது நடிப்பு.”

சொர்ணம் வந்து, வேம்புவின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். அவளும் கக்கத்தில் கை கொடுத்துத்தான் வாங்கினாள். வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்தாள்.

“எனக்கும் இருந்துச்சு” என்றாள். “இவன் அப்பன் பொறந்தப்ப. நான் யார்ட்டயும் சொல்லல. சொன்னா யாரு நம்புவா.”

“இப்ப?” என்று கேட்டார் சலோமி.

“இப்ப என்ன. பழகிப்போச்சு.”

ஆவுடையப்பன் ஒரு முக்காலியை இழுத்துச் சொர்ணத்தின் எதிரே போட்டு உட்கார்ந்தார். பிள்ளையைச் சலோமி வாங்கிக்கொண்டார்.

“எது வலிக்காத கை, அம்மா? அத முதல்ல குடுங்க.”

சொர்ணம் இரண்டு கையையும் மடியில் வைத்து மாறி மாறிப் பார்த்தாள். எதைக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆவுடையப்பன் காத்திருந்தார். கடையில் எப்போது அடுப்பு மூட்டுவீர்கள் என்று கேட்டார். மாவு முன்னே யார் ஆட்டினார்கள் என்று கேட்டார். அவள் முதலில் ஒற்றை ஒற்றை வார்த்தையாகப் பதில் சொன்னாள். பிறகு நீளமாகச் சொன்னாள். நெடுநேரம் கழித்து ஒரு கையை நீட்டினாள்.

வேம்புவுக்குக் கட்டைவிரலோடு சேர்த்துப் பட்டை கட்டினார்கள். ஒரு மாதம் கழற்றக் கூடாது, அதற்குள் அடங்காவிட்டால் ஒரு ஊசி போடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் சலோமி. கக்கத்தில் பிடித்துத் தூக்காமல், உள்ளங்கை மேலே பார்க்க, தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்துகிற மாதிரிப் பிள்ளையை அடியில் ஏந்தித் தூக்க இருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். சொர்ணம்தான் அதை முதலில் பழகிக்கொண்டாள்.

போகும்போது வாசலில் நின்று சொர்ணம் மகனுக்குப் போன் போட்டாள்.

“எலேய், நெசந்தாம்ல. டாக்டரு விரல வச்சே பாத்துட்டாரு. ஒரு மாசத்துக்கு அவ சட்டி தூக்க மாட்டா. நான் பாத்துக்கிடுதேன். நீ பேசாம உன் வேலயப் பாரு.”

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். கட்டின கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேம்பு பின்னால் போனாள். பாலத்து வளைவில் இருவரும் மறைகிறவரை ஆவுடையப்பன் வராந்தாவில் நின்றார்.

சலோமி அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வந்தார்.

“டாக்டரம்மா.”

“சொல்லுங்க சார்.”

“அந்த வலிய நான் விரல்ல தொட்டேன். அது சின்ன வலி இல்ல. ஆம்பள தாங்கமாட்டான். அவ மூஞ்சிக்கு மட்டும் அது ஏன் வந்து சேரல?”

சலோமி கொஞ்சம் யோசித்தார்.

“பிள்ளை பாத்துக்கிட்டிருந்துச்சே, சார்.”